ஆடாத கோடு

ஆலையில் என் அண்ணிக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். அவள் மூக்குக்கண்ணாடி போட்டவள் இல்லை. தூள் கலக்கும் தொட்டியின் மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருக்கும். ஒவ்வொரு கலவைக்கும் முன்னால் அதைத் தன் கையால் துடைத்துவிட்டுத்தான் திரைக்கு முன்னால் உட்காருவாள். அதனால் வந்த பெயர். சரக்கு அறையில் ஒருவன் என் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டதற்கு நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணிதான் ஓடிவந்து விலக்கினாள்.

"விடுங்க தம்பி. என்னைத்தானே கூப்பிட்டாரு? எனக்கே அந்தப் பேரு பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

எனக்கு ஒன்றும் வரவில்லைதான். ஆனால் அவளை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. நான் அந்த ஆலையில் ஃபிட்டர். நட்டு முறுக்குவதும் பேரிங் மாற்றுவதும்தான் என் பிழைப்பு. அவள் செய்த வேலை அப்படிப்பட்டது இல்லை.

நாங்கள் மாத்திரை செய்கிறோம். எஃகுத் தொட்டியில் மருந்துத் தூளையும் மாவையும் கொட்டி, மூடி, தலைகீழாகச் சுழற்றுவார்கள். மருந்து ஒரு பிடி என்றால் மாவு ஒரு மூட்டை. அந்தப் பிடி மூட்டை முழுவதும் ஒரே சீராகப் பரவ வேண்டும். பரவாவிட்டால் ஒரு மாத்திரையில் மருந்தே இருக்காது, இன்னொன்றில் ஆளையே சாய்க்கிற அளவுக்கு இருக்கும். முன்பெல்லாம் தொட்டியை நிறுத்தி, நீளமான கம்பியை உள்ளே செருகி, அங்கங்கே தூள் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்போம். பிறகு அந்தக் கருவி வந்தது. அதற்கு நிறமாலைமானி என்று பெயர். எங்களுக்கு வாயில் நுழையாததால் 'கண்' என்று வைத்துக்கொண்டோம். அது மூடியிலேயே பூட்டியிருக்கும், தொட்டியோடு சேர்ந்து சுழலும். கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்றைக் கண்ணாடி வழியாகத் தூளின் மேல் பாய்ச்சும். ஒவ்வொரு தூளும் அந்த ஒளியைத் தனக்குப் பிடித்த மாதிரி விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த மிச்சத்தைப் பார்த்து எது எவ்வளவு இருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத் திரையில் ஒரு கோடாகப் போடும். தூள் கலக்காதபோது கோடு தாறுமாறாகக் குதிக்கும். கலக்கக் கலக்க அடங்கும். அடங்கியதும் நிறுத்த வேண்டியதுதான்.

அந்தக் கோட்டைத்தான் அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரிவில் சேர்ந்தவள், கற்றுக்கொடுத்ததையெல்லாம் கற்றுக்கொண்டு அந்த நாற்காலிக்கு வந்தாள். ஆலைக்குச் சீருடை தைத்துக்கொடுத்தவன் என் அண்ணன். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அளவெடுக்க வந்து, ஆளையே எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நாங்கள் கேலி செய்வோம். அண்ணன் காது சிவந்துபோகும். பிள்ளைகள் இல்லை. அவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அன்றைய கதையெல்லாம் கொட்டுவாள், அவன் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்பான். அடுத்த தெருவில்தான் என் வீடு. சும்மா போய் உட்கார்ந்து அதைக் கேட்பதே எனக்குப் பொழுதுபோக்கு.

அண்ணனுக்கு இதயம் தாளம் தப்பும். சில சமயம் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் வெளுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தினமும் ஒரு மாத்திரை போட்டால் ஒழுங்காக ஓடும். அது எங்கள் ஆலையிலேயே செய்கிற மாத்திரை. வேலை செய்கிறவர்கள் குடும்பத்துக்குச் சும்மா கொடுப்பார்கள். அண்ணிதான் வாங்கி வருவாள்.

"பெண்டாட்டி கையால சமைச்சுப் போடுவா, எல்லாருக்கும் தெரியும். பெண்டாட்டி கையால மாத்திரை செஞ்சு போடறது எனக்குத்தான்" என்று அண்ணன் பெருமை பேசுவான்.

ஒரு நாள் அந்த மாத்திரைக்கான கலவை ஓடிக்கொண்டிருந்தது. கோடு குதித்தது, அடங்கியது, எல்லைக்குக் கீழே வந்தது. அண்ணி தொட்டியை நிறுத்தினாள். தூள் மாத்திரை அடிக்கிற இடத்துக்குப் போயிற்று, தொட்டி கழுவப் போயிற்று, அவள் பேருந்தைப் பிடிக்கப் போனாள். வழியில்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது. அடங்கிய கோடும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நன்றாகக் கலந்த தூளானாலும் சுற்றுக்குச் சுற்று மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அன்று கோடு நடுங்கவே இல்லை, அடிமட்டம் வைத்து இழுத்தது போலக் கிடந்தது. கண்ணாடியில் தூள் அப்பிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். உள்ளே தூள் புரண்டுகொண்டிருக்கும், கருவியோ கண்ணாடியில் ஒட்டிய அதே தூளையே திரும்பத் திரும்பப் பார்த்து, எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆடாத கோட்டைப் பார்த்து நல்ல கோடு என்று ஏமாறுவது எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அன்று நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, எனக்கு மனசே சரியில்ல. இன்னிக்குக் கோடு சாஞ்சு படுத்துடுச்சு. உங்க மாத்திரைதான். உள்ள கலந்துச்சோ இல்லையோ, எனக்குத் தெரியல."

அண்ணன் மிதிப்பதை நிறுத்தினான். "கண்ணாடியைப் பார்த்தியா?"

"அதுக்குள்ள கழுவிட்டாங்க. இனிமே எதைப் பார்க்கறது?"

"காலைல போனதும் சொல்லிடு" என்றான் அண்ணன். அவ்வளவுதான். மறுபடி இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அவள் காலையில் சொன்னாள். தரப் பிரிவுத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சரக்கை அப்படியே நிறுத்திவைத்தார். முதலில் அடித்த மாத்திரை, நடுவில் அடித்தது, கடைசியில் அடித்தது என்று அள்ளி எடுத்து ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் போல இழுத்தது. எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடியில் தூள் ஒட்டித்தான் இருக்க வேண்டும், ஆனால் அதற்கு முன்பே உள்ளே நன்றாகக் கலந்துவிட்டிருக்கிறது என்றார் மேடம். கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் அண்ணியைப் பாராட்டினார். கண்ணாடியை நடுநடுவே காற்றடித்துத் துடைக்க ஒரு குழாய் வைக்கச் சொன்னார்கள். அதை வைத்தவன் நான். சரக்கு கடைகளுக்குப் போயிற்று. அதில் சில மாத்திரைப் பட்டைகள் வழக்கம்போல அண்ணி கைப்பையில் வீட்டுக்கும் வந்தன.

அந்தப் பட்டைகள் தீர்வதற்குள் அண்ணன் போய்விட்டான்.

பட்டப்பகலில், இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே. மிதிப்பலகையில் கால் இருந்தது, ஊசிக்குக் கீழே பாதி தைத்த சட்டைக் கை இருந்தது. அண்ணி வேலை முடிந்து வந்து, வாசலிலிருந்தே ஏதோ பேசிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். ஆலைச் சீருடையை மாற்றி, முகம் கழுவி, பாதிக் கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் பதிலே வரவில்லையே என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். செத்த மனிதனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன் தம்பி என்றாள்.

வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு நாள் அவள் கட்டில் பக்கத்து அலமாரியைத் திறந்தாள். கடைசிப் பட்டை அதில் இருந்தது, கொஞ்சம் மாத்திரைகள் மிச்சம். திருப்பிப் பார்த்தாள். தயாரித்த தேதியும் சரக்கு எண்ணும் அந்த ஆடாத கோட்டினுடையவை. அன்றிலிருந்து அண்ணி அண்ணியாக இல்லை.

"நான்தான் தம்பி. நான்தான் அவரை அனுப்பிட்டேன்."

"அண்ணி, பைத்தியம் மாதிரி பேசாதீங்க. ஆய்வுக்கூடத்துல பார்த்தாங்க இல்ல?"

"லட்சக்கணக்குல அடிச்சதுல ஒரு கை அள்ளிப் பார்த்தாங்க. அள்ளாததுல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அவர் வாய்க்குப் போனது வெறும் மாவா இருந்தா?"

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். கத்திவிட்டு வந்தேன்.

அவள் துடைக்க ஆரம்பித்தாள். வேலைக்கு வந்தால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் வைத்த காற்றுக் குழாயை நம்பவில்லை. சுழலும் தொட்டியைப் பாதியில் நிறுத்தி, மூடியைத் திறந்து துடைத்தாள். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். வீட்டில் நிலைக்கண்ணாடி, அலமாரிக் கதவு, சுவரில் மாட்டிய அண்ணன் படம். முதலில் ஆலையில் சிரித்தார்கள், நான் அவர்களைப் பார்த்து முறைத்தேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் நான் போனபோது அவள் தையல் அறையில், தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கையில் துணி.

"அந்தப் பக்கம் நிக்கறார்" என்றாள்.

"யாரு?"

"துடைச்சா போயிடறார். விட்டா வந்துடறார்."

நான் பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படுகிறவன் இல்லை. ஆனாலும் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடியில் எங்கள் இருவர் நிழலும் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் தையல் இயந்திரம் தெரிந்தது. அதன் சக்கரம் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. விளக்கைப் போட்டேன், அதட்டினேன், அவளைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நானும் அந்த ஜன்னலை நேராகப் பார்ப்பதில்லை.

ஆலையில் நிலைமை மோசமானது. கோடு எவ்வளவு ஒழுங்காக அடங்கினாலும் அவள் தொட்டியை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுழல விட்டாள். அளவுக்கு மீறிச் சுழன்ற தூள் மாத்திரையாகப் பிடிக்காது, உதிர்ந்துபோகும். ஒரு சரக்கு முழுவதும் அப்படிக் குப்பைக்குப் போயிற்று. மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க அண்ணியை அந்த நாற்காலியில வெச்சிருக்க முடியாதுங்க. அவங்க கண்ணைவிட நல்ல கண்ணு எனக்கு இங்க கிடையாது. ஆனா இப்ப அவங்க திரையைப் பார்க்கல, வேற எதையோ பார்க்கறாங்க."

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அண்ணன் போட்டது போக மிச்ச மாத்திரை வீட்டுல இருக்கு. அதை உங்க கருவியில வெச்சுப் பார்க்க முடியுமா?"

அவர் யோசித்தார். வெளியே போய் வந்த பட்டையைச் சோதிக்க விதிமுறையில் இடமில்லை. "பதிவுல ஏத்த முடியாது" என்றார். "ஆனா அவங்க மனசுக்காகப் பார்க்கலாம். எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

இதைச் சொன்னதும் அண்ணி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பயந்தாள். மாவு என்று வந்துவிட்டால் அப்புறம் நான் எப்படி இருப்பேன் என்று கேட்டாள். வராவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே என்றேன். அந்தப் பட்டை அலமாரியிலேயே சில நாள் கிடந்தது. அவளாகவே ஒரு காலையில் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் மாத்திரைக்கென்று தனியாக ஒரு கருவி உண்டு. உடைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். தட்டில் வைத்தால் ஒளி மாத்திரைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும். வந்ததை வைத்து உள்ளே மருந்து எவ்வளவு என்று சொல்லிவிடும். மேடம் பட்டையைப் பிரித்து முதல் மாத்திரையை வைத்தார். அண்ணி திரைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரியா இருக்கும்மா" என்றார் மேடம்.

"அடுத்தது?"

"அதுவும் சரி."

ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசி மாத்திரைக்கு அண்ணியே திரும்பி நின்று பார்த்தாள். மலையும் பள்ளமுமாக ஒரு கோடு திரையில் விழுந்தது. நல்ல மாத்திரையின் கோடு அதுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி ஓவென்று அழுதாள். மேடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் தேறினாள். தூங்கினாள். பேருந்தில் ஜன்னல் அழுக்காக இருந்தால் அழுக்காகவே விட்டாள். என் பேச்சுக்குச் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். அவருக்கு விதி அவ்வளவுதான் என்று ஒரு நாள் அவளே சொன்னாள். மேடம் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். கோடு அடங்கியதும் அவள் கை தானாகப் போய்த் தொட்டியை நிறுத்தியது.

"தம்பி, அந்த மிஷின் சும்மா கிடக்குது. வேலை தெரிஞ்ச யாருக்காவது கொடுத்துடலாம். ஒரு நாள் வந்து எண்ணெய் போட்டுக் குடுங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு விடுமுறை நாள் காலையில் போனேன். எண்ணெய் விட்டு, வாரை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இழுப்பறையைக் காலி செய்தேன். நூல்கண்டு, ஊசி, சாக்குக்கட்டி, பித்தான் போட்டு வைக்கிற தகர டப்பா. டப்பாவில் சட்டைப் பித்தான்கள், எல்லாம் வெள்ளை. மூடப் போனவன் கை நின்றுவிட்டது. பித்தான் என்றால் துளை இருக்க வேண்டும். மேலே இருந்தவற்றுக்கு இருந்தது. அடியில் இருந்தவற்றுக்கு இல்லை.

விரலால் கிளறினேன். அடி முழுவதும் மாத்திரைகள். பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, விழுங்காமல் போட்டு வைத்தவை. காலிப் பட்டை குப்பையில் விழுந்திருக்கும். அண்ணியும் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நினைத்திருப்பாள். பட்டையில் அச்சடித்த தேதி அண்ணி வந்து புலம்பிய அந்த நாள்தான் என்று அவன் கண்டுகொண்டிருக்கிறான். அட மடையா என்று அண்ணனைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன் போலிருக்கிறது. வேறு மாத்திரை வாங்கித் தரச் சொல்லியிருக்கலாமே, என்னிடமாவது கேட்டிருக்கலாமே. ஆனால் எனக்குத் தெரியும், கேட்டிருக்க மாட்டான். உன் கை மாத்திரையை நம்பவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வான்? அவள் மனம் நோகக் கூடாது என்று வாய்க்குக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய், அவள் திரும்பியதும் டப்பாவில் போட்டிருக்கிறான்.

டப்பாவைச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. நிமிர்ந்தால் அண்ணி தேநீரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"யாரைத் திட்டறீங்க?" என்றபடி பக்கத்தில் வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். தேநீரை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். தூளாகத் தொட்டியில் புரண்ட நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த மாத்திரை.

"இது நல்ல மாத்திரை தம்பி."

"அண்ணி, உட்காருங்க."

"எல்லாமே நல்ல மாத்திரை. நாமதான் பார்த்தோமே." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "கோடு சரியில்லன்னு வந்து சொன்னேன் இல்ல, அதைக் கேட்டுட்டார். அப்புறம் எல்லாம் சரியா இருக்குன்னு மேடம் சொன்னாங்களே, கைகூடத் தட்டினாங்களே. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் இவர்கிட்ட என்ன பேசினேன் தெரியுமா?"

கையிலிருந்த மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டாள்.

"சமையலறைக் குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னு மட்டும்தான் பேசினேன்."